பைபர் படகில் எது கண்டுபிடிப்பு?

முல்லைத்தீவுக் கரையோரத்தில் பைபர் படகுப் பட்டறை ஒன்றில் வேலை பழகும் தம்பி ஒருவர் ஒரே மூச்சில் நான்கு விடயங்களைக் கேட்டிருக்கிறார். அச்சில் மெட் என்ற கண்ணாடி நார் விரிப்பை விரித்து, ரெசின் என்ற பிசினைப் பூசி, உருளையால் உருட்டும் நமது முறை உலகத்தில் எப்போதோ கைவிடப்பட்டதா? இந்தத் துறையில் கண்டுபிடிப்பு என்று சொல்லத்தக்கவை எவை? வெற்றிட முறையை இங்கே கொண்டுவரலாமா? கண்ணாடி நாருக்குப் பதிலாகப் பனந்தும்பைப் போட்டுக் காப்புரிமை எடுக்கலாமா?

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. கையால் போடும் முறை இன்றும் உலகெங்கும் சிறு படகுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. மற்ற மூன்றுக்கும் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

மரப்படகு கட்டும் ஓடாவியிடம் மரம் வந்து சேரும்போதே மரமாகத்தான் வருகிறது. வைரம் பாய்ந்ததா, உளுத்ததா என்று தட்டிப் பார்த்து வாங்கலாம். இரும்பும் அப்படித்தான். பைபரில் நீங்கள் வாங்குவது ஒரு பீப்பாய் ரெசினும் ஒரு சுருள் மெட்டும். படகின் பொருள் அந்த இரண்டிலும் கிடையாது. அது உங்கள் அச்சுக்குள், உருளை ஓடும் அந்த அரை மணி நேரத்தில் உருவாகிறது. படகைச் செய்பவரே அதன் பொருளையும் செய்கிறார். ஆகவே இத்துறையின் கண்டுபிடிப்புகளை இரசாயனக்கூடத்தில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். நாருக்குள் ரெசினை எப்படிப் புகுத்துவது, உள்ளிருக்கும் காற்றை எப்படி வெளியேற்றுவது என்ற இரண்டு தலையிடிகளுக்கு யார் என்ன வழி கண்டார் என்பது மற்றப் பாதி. என் கணக்கில் அதுதான் பெரிய பாதி.

முதலில் நார். கண்ணாடி நொறுங்கும் பொருள். அதில் படகு கட்டலாம் என்று யாருக்குத் தோன்றும்? இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் இருந்த ஏ. ஏ. கிரிஃபித் 1920ஆம் ஆண்டளவில் கண்ணாடியை இழை இழையாக இழுத்து அறுத்துப் பார்த்தார். இழை மெல்லியதாக ஆக ஆக அதன் பலம் ஏறிக்கொண்டே போனது. மில்லிமீற்றரில் முந்நூறில் ஒரு பங்கு தடிப்புள்ள இழை, அதே கண்ணாடியின் சாதாரணக் கோலைவிட ஏறத்தாழ இருபது மடங்கு இழுவையைத் தாங்கியது. கண்ணாடியின் பலவீனம் அதன் மேற்பரப்பிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் இருக்கிறது என்பது அவர் கண்ட விளக்கம். மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமே இல்லை. இன்று நாம் போடும் மெட்டின் ஒவ்வோர் இழைக்கும் பின்னால் இருப்பது இந்த விளக்கம்தான்.

அந்த இழையைத் தொழிற்சாலை அளவில் செய்யும் வழி தற்செயலாகக் கிடைத்தது. 1932இல் அமெரிக்காவின் ஓவன்ஸ்-இலினோய் நிறுவனத்தில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் இரண்டு கண்ணாடிக் கட்டிகளை உருக்கி ஒட்ட முயன்றுகொண்டிருந்தார். அழுத்தக் காற்று உருகிய கண்ணாடி மீது பட, அது மெல்லிய நாராகப் பறந்தது. அவருடைய மேலாளர் கேம்ஸ் ஸ்லேயிற்றர் அதன் பெறுமதியைக் கண்டுகொண்டு, தொடர்ந்து நார் செய்யும் முறையாக வளர்த்தார். 1938இல் ஓவன்ஸ்-கோர்னிங் நிறுவனம் பிறந்தது. தற்செயல் எல்லோருக்கும் நடக்கும். பறந்த நாரைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போடாமல் ஒருவர் நின்று பார்த்ததால்தான் தொழில் பிறந்தது.

அடுத்தது ரெசின். இதைப் பற்றிப் பேசும்போது பலர் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. 1907இல் பேக்லண்ட் உருவாக்கிய பேக்கலைட் வகைப் பிசின் இறுகும்போது நீரை வெளிவிடும். அந்த நீராவி கொப்புளம் கட்டாமல் இருக்கக் கடும் அழுத்தமும் சூடும் வேண்டும். அதாவது பெரிய அழுத்த இயந்திரம் வேண்டும். பதினெட்டு அடிப் படகுக்கு அப்படி ஓர் இயந்திரத்தை யார் வைப்பது? 1930களில் கார்ல்டன் எல்லிஸ் காப்புரிமை பெற்ற நிறைவுறா பொலியெஸ்டர் இறுகும்போது அப்படி நீரை வெளிவிடுவதில்லை. அதில் கலந்திருக்கும் ஸ்ரைரீன் என்ற திரவமும் சேர்ந்தே இறுகிவிடும். அழுத்தம் வேண்டாம், மூடி வேண்டாம், திறந்த அச்சுப் போதும். பைபர் படகு கடற்கரையில் ஓலைக் கொட்டிலின் கீழ் கட்டத்தக்க ஒன்றாக மாறியது இந்த ஒரு குணத்தால்தான். 1942இல் கண்ணாடித் தொழிலுக்குப் பெயர்போன டொலீடோ நகரத்தில் ரே கிரீன் கண்ணாடி நாரும் பொலியெஸ்டரும் சேர்த்துச் சிறு பாய்ப்படகு ஒன்றைக் கட்டினார். நம் வடக்கில் காரைநகர்ச் சீநோர் படகுத்தளம் நோர்வே உதவியுடன் இத்தொழிலைத் தொடங்கிய முன்னோடிகளில் ஒன்று.

இனி அந்தப் பெரிய பாதிக்கு வருகிறேன்.

கையால் போடும்போது இறுகிய தகட்டின் எடையில் நார் ஏறத்தாழ முப்பது சதவீதம்தான், மிகுதி ரெசின். பலம் தருவது நார். ரெசின் நாரைப் பிடித்துவைக்கும், பாரத்தை ஓர் இழையிலிருந்து இன்னோர் இழைக்கு மாற்றும், அவ்வளவே. நம் பட்டறைகளில் “ரெசின் தாராளமாக விட்டால் படகு உறுதியாக இருக்கும்” என்று சொல்லும் பெரியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய அனுபவத்துக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த ஒன்றில் அவர்கள் சொல்வது பிழை. ரெசின் கூடினால் எடை கூடும், வெடிப்பு வரும், காசு போகும்.

நாரை நெருக்கி ரெசினைக் குறைக்க ஏதாவது ஒன்று அழுத்த வேண்டும். செலவில்லாமல் அழுத்தக் கூடியது நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று. ஒரு சதுர மீற்றர் பரப்பின் மீது வளிமண்டலம் ஏறத்தாழ பத்துத் தொன் எடைக்குச் சமமாக அழுத்துகிறது. உள்ளே வெற்றிடம் வைத்தால் அந்த அழுத்தம் முழுவதும் உங்களுக்கு வேலை செய்யும். இதை முதலில் படகுக்குப் பயன்படுத்தியவர்களில் ஒருவர் ஏர்விங் மஸ்கற். அவருடைய காப்புரிமை 1950இல் வழங்கப்பட்டது; அவருடைய நிறுவனத்தின் பெயரால் அதை மார்கோ முறை என்பார்கள். ஆண் அச்சு, பெண் அச்சு இரண்டுக்கும் இடையில் உலர்ந்த நார். கீழே விளிம்பைச் சுற்றி ரெசின் நிரம்பிய தொட்டி. மேலே உறிஞ்சும் குழாய். ரெசின் கீழிருந்து நாருக்குள் ஏறும். யோசனை அருமை. ஆனால் இரண்டு அச்சுச் செய்யும் செலவு ஒரு பக்கம், ரெசின் போதிய தூரம் ஏறுமுன் இறுகிவிடும் தொல்லை மறுபக்கம். முறை பரவவில்லை.

ஏன் ஏறவில்லை என்பதற்கு விடை அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே எழுதப்பட்டிருந்தது. பிரான்சின் டிஜோன் நகரத்துக் குடிநீர்த் திட்டத்தைக் கட்டிய ஹென்றி டார்சி, மணலுக்குள் நீர் ஊறும் வேகத்தை அளந்து 1856இல் ஒரு விதியை வெளியிட்டார். நம் குளக்கட்டுகளில் கசிவைக் கணக்கிட நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள் பயன்படுத்துவதும் அந்த விதியைத்தான். நாருக்குள் ரெசின் ஊறுவதும் அதே கணக்கு: போகவேண்டிய தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். ஒரு மீற்றருக்குப் பதினைந்து நிமிடம் என்றால் இரண்டு மீற்றருக்கு ஒரு மணி நேரம். அதற்குள் ரெசின் கட்டியாகிவிடும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் வில்லியம் சீமான். 1990இல் அவர் பெற்ற காப்புரிமையே பின்னர் ஸ்கிரிம்ப் என்று பெயர்பெற்ற முறையின் அடித்தளம். மேல் அச்சை எடுத்துவிட்டுப் பொலித்தீன் போன்ற ஒரு தாளை வைத்து விளிம்பில் காற்றுப் புகாமல் ஒட்டினார்கள். அந்தத் தாளுக்கும் நாருக்கும் இடையில் ரெசின் தடையின்றி ஓடக்கூடிய ஒரு வலையை விரித்தார்கள். கண்டுபிடிப்பு முழுவதும் அந்த வலையில்தான் இருக்கிறது. ரெசின் வலை வழியாக நொடியில் பரந்து ஓடி, பிறகு மேலிருந்து கீழாக நாருக்குள் இறங்குகிறது. இரண்டு மீற்றர் ஊறவேண்டிய இடத்தில் இப்போது சில மில்லிமீற்றர்தான் ஊறவேண்டும். டார்சியின் விதியோடு மல்லுக்கு நிற்காமல், அதற்குத் தூரத்தைச் சுருக்கிக் கொடுத்துவிட்டார்கள். இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான்: புதிய இரசாயனம் எதுவும் இல்லை, விலை குறைந்த ஒரு பிளாஸ்டிக் வலை.

இதன் பலனை நேரில் பார்க்க வேண்டுமென்றால் மன்னாருக்குப் போங்கள். தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலையில் 30 சுழலிகள் நிற்கின்றன. ஒவ்வோர் இறகும் 60 மீற்றருக்கு மேல் நீளம். அத்தகைய நீண்ட இறகுகளை உலகத் தொழிற்சாலைகள் செய்வது பெரும்பாலும் வெற்றிடத்தில் ரெசின் உறிஞ்சும் முறைகளால்தான். அந்த நீளத்தை உருளையும் தூரிகையும் கொண்டு செய்ய முடியாது.

வேறு கண்டுபிடிப்புகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நாரை ரெசினில் தோய்த்துச் சூடான துளை வழியே இழுத்து நீண்ட கம்பிகளும் குழாய்களும் செய்யும் முறையைப் பெருந்தொழிலாக்கியதில் பிரான்ட் கோல்ட்ஸ்வேர்தியின் பெயர் முன்னுக்கு நிற்கும். ஏணி, கேபிள் தாங்கி எல்லாம் அப்படி வருபவை. கார்பன் நாருக்கு மூன்று நாடுகள் உரிமை கொண்டாடலாம்: 1958இல் அமெரிக்காவில் ரோஜர் பேக்கன், அதையடுத்து ஜப்பானில் அகியோ ஷிண்டோ, 1960களின் நடுவில் ஃபார்ன்பரோவில் வில்லியம் வாற்றின் குழு. அதை நம்பி ரோல்ஸ்-ரோய்ஸ் தன் ஆர்பி 211 விமான இயந்திரத்துக்குக் கார்பன் விசிறித் தகடு செய்தது. பறவை மோதும் சோதனையில் தகடு தாங்கவில்லை; டைட்டேனியத்துக்கு மாறினார்கள். அந்த இயந்திரத்தின் செலவு ஏறி 1971இல் நிறுவனமே விழுந்து, அரசு பொறுப்பேற்றது. நார் ஓடும் திசையில் எஃகை மிஞ்சும் பொருள், குறுக்கே அடி விழுந்தால் வேறு பொருள்.

வன்னியில் இருந்து பேசும்போது இன்னொன்றை விடக்கூடாது. மிதிவெடியில் கால் இழந்தவர் இல்லாத ஊர் இங்கே குறைவு. ஜெய்ப்பூர்க் கால் 1968இல் உருவானது. அதைச் செய்தவர்கள் மருத்துவர் பி. கே. சேத்தியும், பள்ளிப் படிப்பு அதிகமில்லாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும். அந்தப் பாதத்தின் தோல் டயரில் போடும் நூலால் வலுவூட்டிய இறப்பர். உள்ளே மரமும் நுண்துளை இறப்பரும். நாரும் பிணைப்பும் சேர்ந்த பொருள் என்ற வரையறைக்குள் அதுவும் அடங்கும். வெறுங்காலோடு வயலில் இறங்கலாம், சம்மணமிட்டு உட்காரலாம். இன்னொரு பக்கம், தானே ஒரு காலை இழந்த வான் பிலிப்ஸ் என்ற அமெரிக்கர் 1980களில் கார்பன் நாரால் வளைந்த வில் போன்ற பாதத்தைச் செய்தார். இன்று ஓட்டப் பந்தயங்களில் நீங்கள் பார்ப்பவை அந்த வழியில் வந்தவை. ஓடுவதற்கு அது. சேற்று வயலுக்கு ஜெய்ப்பூர்க் கால்தான்.

சரி, உங்கள் பட்டறைக்கு வெற்றிட முறை சரிவருமா? இப்போதைக்கு முழுப் படகுக்கு வேண்டாம் என்பேன். வேறு எவரேனும் பம்பும் தாளும் விற்க வந்து வேறுவிதமாகச் சொன்னால், கீழே சொல்வதை அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் அச்சின் விளிம்பு எவ்வளவு அகலம்? ஒட்டுநாடாவும் குழாயும் வைக்கப் பத்துப் பதினைந்து சென்ரிமீற்றர் தட்டையான விளிம்பு வேண்டும். நம் பக்கத்து அச்சுகள் பலவற்றில் இரண்டு விரல் அகலம்கூட இல்லை. அச்சு காற்றை விடாமல் பிடிக்குமா? ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு உழைத்த அச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். வெற்றிடம் ஏற்றி, வால்வை மூடி, அரை மணி நேரம் மானியைப் பாருங்கள். முள் இறங்கினால் அந்த அச்சு இதற்கு உதவாது. ரெசினும் வேறு: கைவேலை ரெசின் செங்குத்துச் சுவரில் வடியாமல் நிற்பதற்காகத் தடிப்பாகச் செய்யப்பட்டது, வெற்றிடத்துக்கு நீர்த்த ரெசின் வேண்டும். தாள், வலை, சுருள்குழாய், நாடா எல்லாம் ஒரு படகோடு குப்பைக்குப் போகும். ரெசின் இறுகும்வரை பம்பு ஓட வேண்டும். நடுவில் மின்சாரம் நின்றால் படகும் நின்றுவிடும். ஆசை இருந்தால் ஐஸ் பெட்டி மூடியில் தொடங்குங்கள். ஒரு தடித்த கண்ணாடித் தகடே அதற்கு அச்சாகும்.

அதற்கு முன் கைவேலையைத் திருத்தினால் கிடைக்கும் பலன் அதிகம். சுனாமிக்குப் பின் அவசரத்தில் கட்டிக் கொடுக்கப்பட்ட படகுகள் பலவற்றின் தரம் போதாது என்று ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு அப்போதே சொன்னது. அப்படிப்பட்ட ஒரு படகின் அடியை அறுத்துப் பார்த்திருக்கிறேன். வெட்டுமுகத்தில் இரண்டு மெட்டுகளுக்கு இடையே நகம் நுழையும் இடைவெளி. ஒரு மூலையில் நார் வெள்ளையாக, ரெசின் படாமலே, கையால் பிய்க்கக்கூடியதாக இருந்தது. சில சாண் தள்ளி, நாரே இல்லாமல் தேன்கட்டிபோல் ரெசின் தேங்கி வெடித்திருந்தது. மேலே பூசிய ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு மட்டும் பளபளவென்று இருந்தது. படகு வாங்கும் சம்மாட்டி பார்ப்பது அந்தப் பளபளப்பைத்தான்.

ஆகவே தராசு வாங்குங்கள். சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள மெட் என்றால், ஒரு சதுர மீற்றருக்கு ரெசின் ஒரு கிலோ சொச்சம். 600 கிராம் நெய்த ரோவிங்குக்கு (நார்க் கற்றைகளால் நெய்த துணி) ஏறத்தாழ அதன் எடையளவு. கண் மதிப்பில் ஊற்றாதீர்கள். ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர், ரெசினின் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம். வெப்பநிலை பத்துப் பாகை ஏறினால் இறுகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். சோளகம் வீசும் மாதங்களில் மத்தியான வெக்கையில் வாளியிலேயே ரெசின் புகைவது அதனால்தான். அதற்காக ஹார்டனரை ஒரு சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் படகு முழுமையாக இறுகவே இறுகாது. விடியற்காலையில் வேலையைத் தொடங்குங்கள், சிறிய வாளியில் கலக்குங்கள். இறுகியதா என்று பார்க்க அசிற்றோன் தோய்த்த துணியால் ஜெல்கோட் பக்கத்தைத் துடையுங்கள். பிசுபிசுத்தால் இன்னும் இல்லை. உட்பக்கத்தில் இந்தச் சோதனை பொருந்தாது. காற்றுப் படும் மேற்பரப்பு ஒட்சிசனால் சற்றுப் பிசுபிசுப்பாகவே இருக்கும், அடுத்த மெட் நன்றாக ஒட்டுவதும் அதனால்தான்.

இதை மட்டும் மறக்க வேண்டாம்: இறுகுவதை விரைவுபடுத்தும் ஊதா நிறக் கோபால்ட் திரவத்தையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றுடன் ஒன்று கலக்கக்கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே மற்றது. ஹார்டனர் கண்ணில் பட்டால் உடனே ஓடும் நீரில் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருந்து, பிறகு வைத்தியசாலைக்குப் போங்கள். பார்வை போகக்கூடிய விடயம். ஸ்ரைரீன் மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018இல் அதை மேல்வகைக்கு மாற்றியது. வாயில் கட்டும் துணி ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும்.

பனந்தும்பு. தாவர நாரைப் பிசினில் போடுவது பழைய யோசனை. நோர்மன் டி புருயின் 1930களில் ஆளிநாரும் பேக்கலைட் வகைப் பிசினும் சேர்த்து விமான உறுப்புகள் செய்தார். கிழக்கு ஜேர்மனியின் டிரபான்ட் கார் பருத்திக் கழிவு கலந்த பிசின் தகட்டால் உடல் போர்த்தி 1991வரை உற்பத்தியானது. தாவர நாரின் குறை நீர். பனந்தும்பும் தென்னந்தும்பும் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், காயும்போது சுருங்கும். ரெசினோடுள்ள பிடி மெல்ல மெல்ல விட்டுப்போகும். கண்ணாடி நாருக்கு நீரிலும் ரெசினோடுள்ள பிடி விடாதிருக்கச் சிலேன் என்ற பூச்சைத் தொழிற்சாலையிலேயே பூசி அனுப்புகிறார்கள். பனந்தும்புக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே நாள் முழுவதும் கடலில் கிடக்கும் படகின் அடிக்கு அதை நான் போடமாட்டேன். கதவுப் பலகை, நாற்காலி, உட்கூரைத் தகடு ஆகியவற்றுக்குப் போட்டுப் பார்க்கலாம். காரத்தில் ஊறவைத்து நன்றாக உலர்த்தினால் பிடி கூடும். எவ்வளவு காரம், எத்தனை மணி நேரம், நம் பனைக்கு எது பொருந்தும் என்பதையெல்லாம் ஒரு பட்டறையிலேயே செய்து அறியலாம்.

காப்புரிமைக்கு வருவோம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி கண்டுபிடிப்பு புதியதாக இருக்கவேண்டும், துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாததாக இருக்கவேண்டும், தொழிலில் பயன்படவேண்டும். “கண்ணாடிக்குப் பதில் பனந்தும்பு” என்று மட்டும் எழுதினால் இரண்டாவது நிபந்தனையில் விழுந்துவிடும். பனந்தும்பைப் பதப்படுத்தும் ஒரு புதிய முறை, அல்லது குறுகிய விளிம்புள்ள பழைய அச்சிலும் வெற்றிடம் பிடிக்கவைக்கும் ஒரு கருவி என்றால் பேசலாம். இரண்டாவதை நீங்கள் யோசித்தால் வடக்குக் கரை முழுவதும் வாடிக்கையாளர் இருப்பார்கள். விண்ணப்பிக்கும் முன் அதைக் காணொளியாக வெளியிட்டுவிடாதீர்கள். எழுதத் தொடங்குமுன் சீமானின் காப்புரிமையைப் படியுங்கள்: அமெரிக்க இலக்கம் 4,902,215. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, காலமும் முடிந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆங்கிலம் கடினமாக இருந்தால் படங்களை மட்டும் பாருங்கள்; அச்சு, நார், வலை, தாள், குழாய் என்று வரிசையாக வரைந்திருப்பார்கள்.